பின்னால் வந்த முணுமுணுப்பு

முதலில் வந்தது செருப்புச் சத்தம். சரக், சரக் என்று யாரோ மிகப் பக்கத்தில் காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்து வந்தார்கள். யார் இது இப்படிச் செருப்பைக் கொல்வது என்று துளசிமணி நின்றாள், சத்தமும் நின்றது, நடந்தாள், அதுவும் நடந்தது, அப்புறம்தான் அது தன் செருப்பு என்று தெரிந்தது. சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். தெருவில் தனியாகச் சிரித்தால் பின்னால் வருகிற சென்னியப்பன் என்ன ஏது என்று கேட்பார், கேட்பது என்றால் கத்துவார், பதினாலு வருஷமாக அவர் அவளிடம் கத்தித்தான் பேசுகிறார், அவள் காது அப்படி. அவருக்கு இன்று ஒன்று தெரியாது. காலையில் லாட்ஜ் அறையில், காது மெஷின் வேண்டாமுங்க, கடக்காத்து பட்டா கொய்யின்னு இரையுமாம் என்று அவரிடம் சொல்லிவிட்டு, புறப்படுகிற நேரத்தில் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, அவரைக்கொட்டை அளவே இருந்த அந்த இரண்டையும் காதுக்குப் பின்னால் மாட்டி, முடியைத் தளர்த்திக் காதை மூடிப் பின்னிக்கொண்டு வந்திருந்தாள். "என்ன புள்ள, புதுப்பொண்ணாட்டம் காத மூடிச் சீவியிருக்கறே!" என்று அவர் கேட்டபோது அந்தக் குரல் மண்டைக்குள் இடியாக இறங்கியது, முகம் சுளிக்காமல் நின்றதுதான் பெரிய நடிப்பு. கடக்காத்து, என்று மட்டும் சொன்னாள். கல்யாணமாகி முப்பது வருஷம் கழித்துப் புருஷனிடம் ஒளிக்க ஒரு சமாச்சாரம் கிடைத்திருக்கிறது, அதுவும் இரண்டு அவரைக்கொட்டை. பாண்டிச்சேரியில் வெயில் இன்னும் ஏறவில்லை. தெருக்களைச் சுற்றிக் காட்டிக் கதை சொல்கிற நடைக்கு மகள் இளமதிதான் பணம் கட்டியிருந்தாள், இந்த ஊரில்தான் அவளுக்கு வேலை, தங்குவது ஹாஸ்டலில், அவளுக்கு லீவு இல்லை, நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க, ஏழெட்டுப் பேர்தான் இருப்பாங்க, கூட்டம் இருக்காது என்றாள். கூட்டம் என்றால் அம்மா வரமாட்டாள் என்று அவளுக்குத் தெரியும்.

"என் பேரு ஷாந்தால்," என்றாள் சுற்றிக் காட்ட வந்த பெண், பருத்திப் புடவையும் ஓட்டப்பந்தயக்காரர்கள் போடுகிற ஷூவுமாக நின்றாள். மற்ற நாளாக இருந்தால் துளசிமணி அந்த உதட்டைப் பார்த்துச் சாந்தாவா, சந்தனாவா, சாந்தலட்சுமியா என்று மனசுக்குள் சீட்டுக் குலுக்கி, ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு அன்றையப் பொழுதை ஓட்டியிருப்பாள். இன்று பேரின் கடைசியில் இருந்த அந்த ல் வரைக்கும் கேட்டது. ஷாந்தால். என்ன பேரோ, பிரெஞ்சுப் பேராக இருக்கும், ஆனால் முழுசாக, ஓரம் கிழியாமல் வந்து கையில் விழுந்தது, அதை ஒரு தெரு தூரம் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தாள். தமிழ்த் தெரு என்று அந்தப் பெண் கூட்டிப் போன தெருவில் வீட்டு வாசல்களில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள், தண்ணீர் தரையில் விழுகிற சத்தமும் கையிலிருந்து விசிறுகிற சத்தமும் வேறு வேறு, இதை மறந்தே போயிருந்தாள். ஒரு வீட்டுக்குள் ரேடியோ, ஒரு வீட்டுக்குள் இருமல், யாரோ யாரையோ எந்திரிடா எந்திரிடா என்று எழுப்புகிறார்கள், அவன் எழுந்திருக்கிற உத்தேசம் இல்லை. கம்பத்துக்கு மேலே ஒரு காக்கா கரைவதற்கு முன்னால் தொண்டையைச் செருமிக்கொண்டது, சத்தியமாகச் செருமிக்கொண்டது. எது பக்கம், எது தூரம் என்றுதான் பிடிபடவில்லை, எல்லாமே தோளில் வந்து உட்கார்ந்தது. முன்னால் போன தொப்பிக்காரர் சட்டைப்பையில் பிளாஸ்டிக் உறை சரசரத்தது, அவர் மனைவி அவரிடம் "மெதுவா போங்கோன்னா" என்றாள், அதுவும் தனக்குச் சொன்னது போலவே இருக்க, துளசிமணி மெதுவாக நடந்தாள். மரத்தூண்களைக் காட்டி, இதெல்லாம் பர்மாத் தேக்கு என்று ஷாந்தால் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்வதெல்லாம் கேட்கிறது. தலையை ஆட்ட வேண்டியதில்லை, ஆட்டினால் அது நிஜமான ஆட்டல். பதினாலு வருஷமாக எத்தனை பேருக்குப் பொய்யாகத் தலையாட்டியிருக்கிறாள். கோபியில் அந்தக் கல்யாண மண்டபத்தில், பந்தியில் பக்கத்து இலைக்காரி தன் மகனுடைய நிச்சயதார்த்தம் முறிந்துபோன கதையைச் சொல்லி அழப் போகிற நேரம், இவள் சிரித்த முகமாக நல்லது, நல்லது என்று சொன்னாளே, அந்தப் பொம்பளை இலையை மூடிவிட்டு எழுந்து போனாளே. யார் சொல்லியும் அதற்கப்புறம் விசேஷ வீடுகளில் முன் வரிசையில் உட்காரவில்லை. வேண்டாம், அதை இப்போது நினைக்க வேண்டாம், தண்ணீர் தெளிக்கிற சத்தத்தைக் கேள்.

ஆனால் அவள் காதை மூடிப் பின்னிக்கொண்டு வந்தது தண்ணீர்ச் சத்தத்துக்காக இல்லை. பின்னால் வருகிற மனுஷருக்காக. வெளியே போனால் சென்னியப்பன் எப்போதும் அவளுக்குப் பின்னால், வலது கைப் பக்கமாகத்தான் வருவார், வண்டி வந்தால் அவளுக்குத் தெரியாது, முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்து விடுவார், அது பழகிப்போன ஏற்பாடு. பழகாதது ஒன்று இருந்தது. அப்படிப் பின்னால் வரும்போது அவர் என்னவோ முணுமுணுத்துக்கொண்டே வருவார். முதலில் கடைக் கண்ணாடியில்தான் பார்த்தாள், ஈரோட்டில் ஒரு பாத்திரக்கடைக் கண்ணாடியில், தன் தோளுக்கு மேலே அவர் முகம், உதடு வேகமாக அசைகிறது, பக்கத்தில் பேச ஆள் யாரும் இல்லை. திரும்பினாள். வாய் மூடிக்கொண்டது. அதிலிருந்து எத்தனையோ தடவை, பஸ்ஸில், கோயில் பிரகாரத்தில், சாவு வீட்டு வாசலில், சட்டென்று திரும்பினால் அசைகிற உதடு அப்படியே நின்றுபோகும், திருடன் அகப்பட்டாற்போல ஒரு முழி. உதட்டைப் படிக்கத் தெரிந்தவள்தான், ஆனால் மூடின உதட்டை எப்படிப் படிக்கிறது. என்ன சொல்வார்? ஒரு செவிட்டைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராக இழுத்துக்கொண்டு திரிகிற மனுஷன் அவளுக்குக் கேட்காது என்று தெரிந்தால் என்ன சொல்வார்? அவள் கேட்டதில்லை. கேட்டுவிடலாம் என்று பல தடவை வாய் வரைக்கும் வந்திருக்கிறது. உரக்கடையில் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் விவசாயிகளோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து, இங்கேயும் தொண்டை நரம்பு புடைக்கக் கத்தி, சாம்பாரா ரசமா என்பதைக் கூடக் கத்தி, ஒரு மனுஷனுக்குச் சலிக்காமலா இருக்கும். சலித்தால் வாய்விட்டுத்தான் தீரும். திட்டட்டும் என்று கூட ஒரு சமயம் நினைத்ததுண்டு, பாவம், அதற்காவது அவருக்கு ஒரு வழி வேண்டாமா. ஆனால் திட்டு என்னவென்று தெரிந்துகொள்ளாமல் இருப்பது திட்டு வாங்குவதை விடப் பெரிய உபத்திரவமாக இருந்தது. ஈரோட்டில் மெஷினை மாட்டிவிட்ட பெண் பட்டனை அழுத்தியதும் தலைக்கு மேல் ஒரு ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டதே, அப்போது அவளுக்கு முதலில் தோன்றியது, இனி அதைக் கேட்டுவிடலாம் என்பதுதான். அடுத்தது, ஐயோ, இனி அதைக் கேட்க வேண்டி வருமே என்பது. வீட்டுக்கு வந்ததும் அவர் வழக்கம்போலக் கத்த, காதுக்குள் மின்னல் வெட்டினாற்போல வலித்து, பிடுங்கி மேஜை மேல் போட்டாள். அவர் பதறிப் போனார். "நோவுதா? வேண்டாம்னா உட்டுரு. கழட்டி வெச்சிரு. அதான் நானிருக்கறேன்ல?" என்று அதையும் கத்தித்தான் சொன்னார்.

தெரு முடிந்து கால்வாய் வந்தது. "இந்தக் கால்வாய்தாங்க கோடு," என்றாள் ஷாந்தால், "இந்தப் பக்கம் நம்ம ஆளுங்க, அந்தப் பக்கம் வெள்ளைக்காரங்க. இப்ப இறங்கிடாதீங்க, வாசனை ஜாஸ்தி." எல்லோரும் சிரித்தார்கள், துளசிமணியும் எல்லோரோடும் சேர்ந்து, அதே நொடியில், சிரித்தாள், பிறர் சிரித்து முடிக்கிற நேரத்தில் தொடங்கிப் பிந்திப் போகிற சிரிப்பாக இல்லாமல். பாலத்தைத் தாண்டியதும் தெரு அகலமாகிச் சத்தம் குறைந்தது, மஞ்சள் சுவர்கள், சுவருக்கு மேலே காகிதப்பூ வழிந்து கிடந்தது, மூலையில் நீலப் பலகையில் பிரெஞ்சிலும் தமிழிலும் தெருப்பேர். சத்தம் குறைந்த இடத்தில்தான் பின்னால் அது ஆரம்பித்தது. குரல் என்று சொல்ல முடியாது, மூச்சோடு கலந்து தரையோடு வந்தது, ஆனால் அவருடையது. திரும்பாதே. திரும்பினால் நின்றுவிடும். நடையைக் கொஞ்சம் தளர்த்தினாள், இடைவெளி குறையட்டும், செருப்பைத் தேய்க்காமல் காலைத் தூக்கி வைத்தாள். அது மறைந்து மறைந்து வந்தது, காற்று நடுவில் புகுந்து கிழித்தது, தொப்பிக்காரர் செருமினார், எங்கேயோ ஒரு ஸ்கூட்டர், அப்புறம் தெளிவாக, பக்கத்தில், பல்லைக் கடித்துக்கொண்டு, "கெரகம்… உட மாட்டீங்குது… எங்க போனாலும் கூடவே வருது பாரு."

அவ்வளவுதான். அவ்வளவு சின்ன வாக்கியம். ஷாந்தால் ஒரு வாசலைக் காட்டி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள், அதன் ஒலியெல்லாம் வந்தது, ஒன்றும் உள்ளே போகவில்லை. கெரகம். நல்ல வார்த்தைதான், வீட்டில் எல்லோரும் சொல்கிறதுதான், மோட்டார் ஓடாவிட்டால் கெரகம், மழை வந்தால் கெரகம். கூடவே வருது. வரத்தான் செய்கிறாள், முப்பது வருஷமாகக் கூடவே வருகிறாள், வேறு யாரோடு போவாள். கண் எரிந்தது. பதினாலு வருஷமாக நினைத்தது சரியாகத்தான் இருந்திருக்கிறது, அதில் ஒரு திருப்தி கூட இருந்தது, வெகுநாளாக ஆடிக்கொண்டிருந்த பல் விழுந்துவிட்டாற்போல ஒரு காலியிடம், நாக்கு அங்கேயே போய்ப் போய்த் தொட்டுப் பார்க்கிறது. கெரகம். உட மாட்டீங்குது. இப்போதே கையை விட்டு மெஷினைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டால் என்ன, மறுபடியும் உலகம் பஞ்சுக்குள் போய்விடும், அவர் முணுமுணுத்துக்கொள்ளட்டும், அவள் தலையாட்டிக்கொள்ளட்டும், நேற்று வரைக்கும் நன்றாகத்தானே இருந்தது. கை தூக்கி முடிக்குள் விரலை விட்டாள். பிளாஸ்டிக்கின் வழுவழுப்பு விரலில் பட்டது. இளமதி அப்பாவை உரித்துக்கொண்டு பிறந்தவள், அவளும் இப்படித்தான் மனசுக்குள் திட்டுவாளோ, அம்மா போனில் பேச முடியாது என்று எல்லாவற்றையும் தட்டச்சு செய்து அனுப்புகிறாளே, அதில் முணுமுணுப்புக்கு இடமில்லையே, அவளாவது, சரி, அவளை விடு. பிடுங்கு. பிடுங்குவதற்கு முன்னால் ஒரே தடவை அந்த முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது, கெரகம் என்று சொன்ன முகம் எப்படி இருக்கிறதென்று. திரும்பினாள். சென்னியப்பன் அவளைப் பார்க்கவே இல்லை. குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வேட்டி நுனியை முகர்ந்து பார்த்தபடி ஒரு செம்பட்டை நாய் நின்றது, வாலை ஆட்டியது, அவர் ஓரடி நகர்ந்தார், அதுவும் ஓரடி நகர்ந்தது. "ச்சூ! போ அக்கட்டால!" என்றார். நாய் அதைக் கொஞ்சலாக எடுத்துக்கொண்டு உட்கார்ந்தது. அவள் பார்ப்பதைக் கண்டதும், அதே திருட்டு முழியோடு நிமிர்ந்து, ஊரே கேட்கிற குரலில், "ஒண்ணுமில்ல புள்ள! நாயி! தமிழ்த் தெருவுலிருந்து வருது!" என்றார்.

துளசிமணி சட்டென்று முன்பக்கம் திரும்பிக்கொண்டாள். உதட்டைக் கடித்தாள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள், அப்படியும் தோள் குலுங்கியது. நாய். கெரகம் என்பது நாய். அந்த நாயைக் கூப்பிட்டு ஒரு பொட்டலம் பிஸ்கட் வாங்கிப் போடவேண்டும். மஞ்சள் சுவர் இப்போதுதான் மஞ்சளாகத் தெரிந்தது, காகிதப்பூ இவ்வளவு சிவப்பாகவா இருந்தது இவ்வளவு நேரமும், போலீஸ்காரர் ஒருத்தர் சிவப்புக் குல்லாயோடு சைக்கிளில் போனார், அந்தச் சைக்கிளின் கிறீச்சுக் கூட யாரோ கூப்பிடுகிறாற்போல இருந்தது. ஆனால் மனசு லேசில் அடங்குகிற மிருகமா. நாய் இன்றைக்கு. மற்ற நாளெல்லாம்? பாத்திரக்கடைக் கண்ணாடியில் நாய் இல்லையே. ஷாந்தால் ஒரு நாற்சந்தியின் நடுவில் எல்லோரையும் நிறுத்தி, நாலு பக்கமும் கையை நீட்டிக் காட்டினாள். "எந்தத் தெருவப் பாத்தாலும் ஸ்கேல் வெச்ச மாதிரி நேரா போகுது பாருங்க. இந்தக் கோடு டச்சுக்காரங்க போட்டது. அப்புறம் பிரெஞ்சுக்காரங்க ஊர் கட்டினாங்க. ஆயிரத்து எழுநூத்தி அறுபத்தொண்ணுல இங்கிலீஷ்காரங்க வந்து கிட்டத்தட்ட ஊரையே இடிச்சுத் தள்ளிட்டாங்க. பிரெஞ்சுக்காரங்க திரும்பி வந்து அதே கோட்டு மேல மறுபடியும் கட்டினாங்க." சொல்லி முடித்து நடந்தாள், எல்லோரும் நடந்தார்கள். துளசிமணி வேண்டுமென்றே பின்தங்கி, அவர் மூச்சு கழுத்தில் படுகிற தூரத்துக்கு வந்தாள். முணுமுணுப்பு வந்தது. இந்தத் தடவை காற்று இல்லை, ஸ்கூட்டர் இல்லை. "கோடு டச்சுக்காரன். கட்டுனது பிரெஞ்சுக்காரன். இடிச்சது இங்கிலீசுக்காரன். மறுக்காக் கட்டுனது பிரெஞ்சுக்காரன். கோடு டச்சு, கட்டுனது பிரெஞ்சு, இடிச்சது… அறுவத்தொண்ணு. ஆயிரத்தி எழுநூத்தி அறுவத்தொண்ணு. அறுவத்தொண்ணு நம்ம சித்தப்பன் பொறந்த வருஷம், அப்படி ஞாவகம் வெச்சுக்கலாம். ஸ்கேலு. ஸ்கேலு வெச்சாப்புல." கொஞ்சம் நிறுத்தினார். செருப்புச் சத்தம். "அதுக்கு முன்னால என்ன? தேக்கு. பர்மாத் தேக்கு. கால்வாய்க்கு அக்கட்டால வெள்ளக்காரன், இக்கட்டால நாம. நாத்தம்னு சொன்னத மறக்காமச் சொல்லோணும், அவளுக்குச் சிரிப்பு வரும்."

பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி ஒப்பித்துக்கொண்டு வருகிறார். யாருக்கு? அவளுக்கு. துளசிமணி பக்கத்துச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள், பழைய சுண்ணாம்பு, குளிர்ச்சியாக இருந்தது. வீட்டில் சாப்பிட்டு முடித்ததும் டியூப்லைட் வெளிச்சத்தில் அவள் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அவர் சொல்வாரே, இன்னைக்குக் கல்யாணத்துல என்ன நடந்துச்சு தெரியுமா, மாப்பிள்ளையோட மாமன் என்ன சொன்னான் தெரியுமா, அதுக்கு நம்ம பொன்னுசாமி என்ன பதில் குடுத்தான் தெரியுமா என்று ஒரு சொல் விடாமல், ஆளுக்கு ஒரு குரலாக, கையையும் முகத்தையும் ஆட்டி. பஸ்ஸில் முன்சீட்டில் சண்டை போட்ட புருஷன் பெண்சாதியின் சண்டை முழுவதும். சாமியார் சொன்ன கதை முழுவதும். சினிமா பார்த்துவிட்டு வந்தால் சினிமா முழுவதும், அவளும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த சினிமாதான். இந்த மனுஷருக்கு என்ன இப்படி ஒரு ஞாபகசக்தி, உரக்கடை பாக்கி மட்டும் ஞாபகம் இருப்பதில்லை என்று அவள் கேலி செய்திருக்கிறாள். அந்த இடத்திலேயே அவர் சொன்ன காலமும் ஒன்று உண்டு. ஒரு தடவை மண்டபத்தில், புரோகிதர் சொன்ன வேடிக்கையை அவர் இவள் காதில் சத்தமாகச் சொல்லப்போக, நாதஸ்வரம் நின்றிருந்த நேரம், மண்டபமே திரும்பிப் பார்த்தது, வீடு வருகிற வரைக்கும் இவள் அழுதாள். அதிலிருந்து அவர் எதையும் அங்கே சொல்வதில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து சொன்னார். கொண்டுவருகிற வழியில் சிந்திவிடாமல் இருக்கத்தான் அந்த உதடு அசைந்திருக்கிறது. பாத்திரக்கடைக் கண்ணாடியில் அவள் பார்த்தது அதைத்தான். பஸ்ஸில், பிரகாரத்தில், சாவு வீட்டு வாசலில், எல்லாம். திட்டுகிறார், திட்டுகிறார் என்று அவள் பதினாலு வருஷம் நினைத்துக்கொண்டு முன்னால் நடந்திருக்கிறாள், அவர் பின்னால் அவளுக்காக உலகத்தை மனப்பாடம் செய்துகொண்டு வந்திருக்கிறார், மாட்டு மூளை என்று வாத்தியாரிடம் அடி வாங்கிப் பள்ளிக்கூடத்தை விட்டவர். அவளுக்குத் தெருவில் யாரையாவது பிடித்துக்கொண்டு சொல்லவேண்டும் போலிருந்தது, தொப்பிக்காரர் மனைவியின் தோளைத் தட்டி, மாமி, எங்கூட்டுக்காரரு என்ன பண்றாரு தெரியுங்களா என்று. தொப்பிக்காரர் மனைவி அவள் பார்ப்பதைப் பார்த்துச் சிரித்தாள். துளசிமணி பதிலுக்கு மிக அதிகமாகச் சிரித்துவிட்டாள்.

வீசுகிற காற்றில் உப்பு ஏறியது. இன்னும் கண்ணுக்குத் தெரியாத கடல் காதுக்குத் தெரிந்துவிட்டது, அடியில் ஓயாமல் ஒரு பெரிய சத்தம், இது மெஷின் இரைச்சலோ என்று முதலில் பயந்தாள், இல்லை, அது வந்து, போய், வந்தது. அந்தச் சத்தத்தோடு வேறொரு பயமும் வந்தது. இப்போது எல்லாம் கேட்கிறதே, கேட்கிறது என்று தெரிந்துவிட்டால் அவர் ஏன் ஒப்பிக்கப் போகிறார். நாற்காலியை ஏன் எதிரில் இழுத்துப் போடப் போகிறார். அவரும் மற்ற புருஷன்மார் மாதிரி சாப்பிட்டுவிட்டுச் செய்தி பார்ப்பார், அவளும் பக்கத்தில் உட்கார்ந்து அதே செய்தியைக் கேட்பாள், இரண்டு பேருக்கும் எல்லாம் தெரிந்திருக்கும், சொல்ல ஒன்றும் இருக்காது. கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டால்? ஒத்து வரவில்லை என்று இளமதியிடம் சொல்லிவிட்டால்? காக்கா செருமினதை விட்டுக் கொடுக்க வேண்டும். அந்த ல்லை விட்டுக் கொடுக்க வேண்டும். விட்டுக் கொடுக்கலாமா, கூடாதா, கொடுத்தால் என்ன, இப்படியே மூன்று வீடு கடந்தது. கடலைப் பார்த்து நிற்கிற ஒரு சர்ச்சுக்கு முன்னால் ஷாந்தால் நின்று, உள்ளே சுவரெல்லாம் கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்கும், சுண்ணாம்போட முட்டை வெள்ளைக்கருவைக் கலந்து பூசினதுன்னு சொல்வாங்க என்றாள். தொப்பிக்காரர், எக் ஒயிட்டா, பேஷ் என்றார். துளசிமணி பின்னால் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். சென்னியப்பன் மனப்பாடம் செய்யவில்லை. என்னவோ அவரைத் தொந்தரவு செய்கிறது என்று அந்த மூச்சிலேயே தெரிந்தது.

கடற்கரைச் சாலையில் கொண்டுவிட்டு ஷாந்தால் எல்லோருக்கும் நன்றி சொன்னாள். "அம்மா, நீங்க ஒருத்தர்தான் நான் சொன்ன எல்லாத்துக்கும் சரியா சிரிச்சீங்க," என்று துளசிமணியின் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனாள். சென்னியப்பன் அதைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டு நின்றார், அந்தப் புள்ள என்னவோ மரியாதைக்குச் சொல்கிறது என்று எடுத்துக்கொண்டிருப்பார். கூட்டம் கலைந்தது. இருவரும் கறுப்புப் பாறைகளைப் பார்த்தபடி சுவர்க்கட்டில் உட்கார்ந்தார்கள், அவள் கடலைப் பார்த்து, அவர் அவளுக்குப் பக்கவாட்டில் சாலையைப் பார்த்து. அலை பாறை இடுக்கில் புகுந்து திரும்புகிறபோது கொப்புளிக்கிற சத்தம் தனியாகக் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டாள். பக்கத்தில் உதடு அசையத் தொடங்கியது. "கோடு டச்சுக்காரன்… கட்டுனது… ம்… சர்ச்சு. முட்டை. வெள்ளக்கரு." நிறுத்தினார். மறுபடியும், "வெள்ளக்கரு." பெருமூச்சு ஒன்று வந்தது. "வெள்ளக்கரு செவுத்துக்குச் சரி. அப்ப அத்தன மஞ்சக்கருவையும் எவன் தின்னான்? அதக் கேக்காம வந்துட்டனே. அவ கேப்பாளே. ஒரு ஊரே ஒக்காந்து தின்னாலும் தீராதே, அந்தப் பாதிரியாருக்கு வயிறு என்னத்துக்கு ஆகும்."

துளசிமணி சிரித்துவிட்டாள். அடக்க நினைக்கவே நேரம் கிடைக்கவில்லை, வயிற்றிலிருந்து கிளம்பி, கண்ணீர் தெறிக்க, சுவர்க்கட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், தன் சிரிப்பு தனக்கே பெரிதாகக் கேட்டது, எப்போதிருந்து இப்படிச் சிரிக்கிறோம், அம்மாவுடைய சிரிப்பு மாதிரி அல்லவா இருக்கிறது. மூச்சு வாங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது சென்னியப்பன் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். கடலைப் பார்த்தார், அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. அவளைப் பார்த்தார். மெல்லக் கையை நீட்டி அவள் காதோர முடியை ஒதுக்கினார். "மாட்டியிருக்கறயா!" என்று கத்தினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த புறா பறந்துபோனது.

"கத்தாதீங்க," என்றாள்.

இந்தச் சொல்லை அவரிடம் அவள் சொன்னதே இல்லை. அவர் வாயைப் பொத்திக்கொண்டார். பொத்தின கையை எடுத்துவிட்டு, என்ன அளவில் பேசுவது என்று தெரியாமல், தண்ணீர்க் குழாயைத் திருகிப் பார்ப்பது போல ஒரு சத்தம் எழுப்பிப் பார்த்தார், அது அதிகமாக இருந்ததோ என்று குறைத்தார். "எப்ப இருந்து?"

"காலைல இருந்து."

"எல்லாமா?"

"எல்லாந்தான். நாயத் திட்டுனது, சித்தப்பன் பொறந்த வருஷம், எல்லாம்."

அவர் முகம் சிவந்துபோனது, அறுபது வயது முகம். வேட்டியை இழுத்து முட்டியை மூடிக்கொண்டார். அப்புறம், "நீ திரும்பிப் பாத்தீன்னா மறந்துபோயிருதல்ல, அதான் நிறுத்திப் போடறது," என்று யாரோ கேட்ட கேள்விக்குச் சொல்வதைப் போலச் சொன்னார். பிறகு இன்னும் தாழ்ந்த குரலில், "அப்ப இனி நான் சொல்ல வேண்டியதில்ல." சந்தோஷமாகத்தான் சொன்னார், சந்தோஷமாகச் சொல்ல வேண்டும் என்று முயற்சி செய்து சொன்னார், அந்த முயற்சியும் காதில் விழுந்தது. இவ்வளவு சின்னது கூடக் கேட்கிறதே என்று துளசிமணிக்கு மெஷின் மேல் ஒரு மரியாதை வந்தது.

"நீங்க சொல்லாமயா?" என்றாள். "அந்தப் புள்ள பாதிக் கதைதானே சொல்லுச்சு. மஞ்சக்கரு என்னாச்சுன்னு அதுக்கே தெரியல. ஊட்டுக்குப் போனதும் மொதல்ல அதச் சொல்லோணும்."

"எனக்குந்தான் தெரியாதே."

"ரோசன பண்ணி வெய்யுங்க. பாதிரியாரு குரலு எப்படியிருக்கும்னும் ரோசன பண்ணி வெய்யுங்க."

அவர் நிஜமாகவே யோசிக்க ஆரம்பித்துவிட்டார், நெற்றி சுருங்கியது, உதடு அசைந்தது, அவள் பார்த்துக்கொண்டிருந்தபோதும் நிற்கவில்லை. வெயில் ஏறிப் பாறைகள் மினுங்கின. சுண்டல்காரர் ஒருவர் தட்டைக் கரண்டியால் தட்டிக்கொண்டு போனார், யாரோ ஒரு குழந்தை அலைக்குப் பெயர் வைத்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. சென்னியப்பன் அவள் பக்கம் குனிந்தார். கத்துவதற்கு முன்னால் எப்போதும் நிமிர்த்திக்கொள்கிற கழுத்தை நிமிர்த்தாமல், பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற சாதாரணக் குரலில், லேசாகக் கரகரத்து, கல்யாணமான புதிதில் அவருக்கு இருந்ததும் அதற்கப்புறம் அவள் மறந்தே போனதுமான அந்தக் குரலில் கேட்டார், "பசிக்குதா புள்ள? இட்லி சாப்புடலாமா?"

ஒரு எழுத்து விடாமல் கேட்டது. கடலை விடத் தெளிவாகக் கேட்டது. துளசிமணி காது கேட்காதவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, கொஞ்சம் அவர் பக்கமாகச் சாய்ந்து, "என்னுங்க?" என்றாள்.